மரத்தில் எழுந்த அலை – ஜப்பானிய மர அச்சுப் படங்களின் கதை

ஜப்பான் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது டொயோட்டா காரும் சோனி டிவியும் தான். ஜப்பானிய ஓவியம் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே ஒரு படம் தான் ஞாபகம் வரும். நீல நிறத்தில் எழும்பி நிற்கும் ஒரு பேரலை. அதன் நுரை நகங்களைப் போல வளைந்து கீழே பாயக் காத்திருக்கும். அலைக்கு அடியில் மூன்று படகுகள். தூரத்தில் சின்னதாக ஃபூஜி மலை. காபிக் கோப்பை, டி-ஷர்ட், செல்போன் உறை என்று இந்தப் படம் இல்லாத பொருளே இல்லை.

இதை வரைந்தவர் ஹொகுசாய் என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இது தூரிகையால் வரைந்து முடித்த ஓவியம் அல்ல! செர்ரி மரப் பலகையில் உளியால் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுத்த அச்சுப் படம். நம் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு கோடும் ஒரு மரக்கோடு. அந்தக் கோடுகளைச் செதுக்கியவர் ஹொகுசாய் அல்ல. வேறொருவர். அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

ஒரு படம் உலகம் முழுக்கப் புகழ் பெறுகிறது. அதை மரத்தில் உருவாக்கிய கைக்கு மட்டும் பெயர் இல்லாமல் போகிறது. இது எப்படி நடந்தது? இதைப் புரிந்து கொள்ள ஜப்பானிய மர அச்சுக் கலையின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பத்து லட்சம் மரக் கோபுரங்கள்

ஜப்பானில் அச்சுக்கும் மரத்துக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. கி.பி. 764இல் பேரரசி ஷோதொக்கு ஒரு விநோதமான உத்தரவு போட்டார். கைக்கு அடக்கமான சிறிய மரக் கோபுரங்கள் பத்து லட்சம் செய்ய வேண்டும். ஒவ்வொன்றின் உள்ளேயும் அச்சிட்ட பௌத்த மந்திரச் சுருள் ஒன்றை வைக்க வேண்டும். மரத்தைக் கடைசலில் கொடுத்துக் கோபுரங்களைச் செய்தார்கள். 770இல் வேலை முடிந்தது. பத்து கோயில்களுக்கு ஒரு லட்சம் வீதம் பிரித்துக் கொடுத்தார்கள். நாரா நகருக்கு அருகில் உள்ள ஹொர்யூஜி கோயிலில் அவற்றில் பல்லாயிரக்கணக்கான கோபுரங்கள் இன்றும் இருக்கின்றன. சுருள்களை அச்சடித்த பலகை மரமா உலோகமா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் உலகின் மிகப் பழைய அச்சுகளில் அவையும் அடங்கும் என்பதில் சந்தேகம் இல்லை.

அதன் பிறகு பல நூற்றாண்டுகள் மர அச்சு பெரும்பாலும் கோயில்களுக்குள்ளேயே இருந்தது. சூத்திரங்களும் புத்தர் உருவங்களும் அச்சாயின. சாதாரண மனிதனின் வீட்டுச் சுவருக்கு அது வந்து சேர்ந்தது எடோ காலத்தில் தான்.

எடோ நகரமும் ஒரு புதிய சந்தையும்

1603இல் தொக்குகாவா இயேயாசு ஷோகன் பதவிக்கு வந்து எடோவைத் தலைமையிடமாக ஆக்கிக் கொண்டார். இன்றைய டோக்கியோ தான் அன்றைய எடோ. நூறாண்டு உள்நாட்டுப் போர் முடிந்து அமைதி வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் எடோவின் மக்கள்தொகை பத்து லட்சத்தை எட்டியது. அன்றைய உலகின் மிகப் பெரிய நகரங்களில் அதுவும் ஒன்று.

சமூக ஏணியில் வணிகர்களுக்குக் கடைசிப் படி. சாமுராய், விவசாயி, கைவினைஞர், அதற்குப் பிறகு தான் வணிகர். ஆனால் கையில் பணம் புரண்டது அவர்களிடம் தான். அந்தப் பணத்தைச் செலவழிக்க நாடகக் கொட்டகைகளும் மல்யுத்தப் போட்டிகளும் தேநீர்க் கடைகளும் யோஷிவாரா என்ற கேளிக்கைப் பகுதியும் இருந்தன. இந்த உல்லாச வாழ்க்கையை 'உகியோ' என்றார்கள். மிதக்கும் உலகம் என்று பொருள். அதைக் காட்டும் படங்கள் 'உகியோ-எ' ஆயின.

அரண்மனை ஓவியரிடம் ஓர் ஓவியம் வாங்கும் வசதி சின்னக் கடைக்காரருக்கு இல்லை. ஆனால் அவருக்கும் தன் அபிமான நடிகரின் படம் வேண்டும். இந்தத் தேவையைப் பூர்த்தி செய்தது மரப் பலகை. ஒரு முறை செதுக்கினால் ஆயிரக்கணக்கில் அச்சடிக்கலாம். ஒரு படத்தின் விலை தானாகக் குறைந்து விடும். ஹிஷிகாவா மொரொனோபு (மறைவு 1694) புத்தகப் படங்களில் இருந்து தனித் தாள் படங்களுக்கு வந்து இந்தச் சந்தையைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர். அப்போது படங்கள் வெறும் கறுப்பு வெள்ளை தான். நிறம் வேண்டும் என்றால் கையால் தீட்ட வேண்டும்.

ஒரு நாட்காட்டி செய்த புரட்சி

பல வண்ண அச்சு பிறந்த கதை சுவாரசியமானது. அன்றைய ஜப்பானிய நாட்காட்டியில் 30 நாள் கொண்ட பெரிய மாதமும் 29 நாள் கொண்ட சிறிய மாதமும் உண்டு. எது பெரியது, எது சிறியது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். நாட்காட்டி வெளியிடும் உரிமையோ அரசு அனுமதி பெற்ற சில பதிப்பாளர்களிடம் மட்டுமே இருந்தது. எனவே வசதி படைத்த கவிதை ரசிகர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஓர் அழகான பெண்ணின் படம், அவள் உடையின் பூ வேலைப்பாட்டுக்குள் மாதங்களின் எண்கள் ஒளிந்திருக்கும்! புத்தாண்டு சமயத்தில் இப்படிப் படங்களை அச்சடித்து நண்பர்களுக்குள் பரிமாறிக் கொண்டார்கள். யார் படம் அழகு என்ற போட்டி வேறு.

1765இல் இந்தப் போட்டி உச்சத்துக்குப் போனது. பணத்தைப் பற்றிக் கவலைப்படாத ரசிகர்கள் சுசுகி ஹரூனோபு என்ற ஓவியரை அமர்த்தி, தேர்ந்த செதுக்குபவர்களையும் அச்சிடுபவர்களையும் சேர்த்துக் கொண்டு, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிப் பலகை என்று செய்து பார்த்தார்கள். ஜரிகைத் துணி போல இருந்ததால் அதற்கு 'நிஷிகி-எ' என்று பெயர் வந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அந்த நாட்காட்டிப் படங்கள் சிலவற்றில் வரைந்தவர், செதுக்கியவர், அச்சிட்டவர் என்று மூவரின் பெயரும் இருந்தது. பிறகு பதிப்பாளர்கள் பலகைகளை வாங்கிப் பொதுச் சந்தைக்காக மறுபடி அச்சடித்தார்கள். அப்போது மாத எண்களைச் செதுக்கி எடுத்தார்கள். அவற்றோடு பெயர்களும் போயின! பரிசுப் பொருளாக இருந்த வரை கைகளுக்குப் பெயர் இருந்தது. சரக்காக மாறியதும் பெயர் தேவைப்படவில்லை.

நான்கு பேர் சேர்ந்தால் ஒரு படம்

ஒரு படம் உருவாக நான்கு பேர் வேண்டும். பதிப்பாளர், ஓவியர், செதுக்குபவர், அச்சிடுபவர். இன்றைய மொழியில் சொன்னால் பதிப்பாளர் தான் முதலாளி. என்ன படம் விற்கும் என்று கணிப்பது, ஓவியருக்குச் சொல்வது, மரம், காகிதம், கூலி எல்லாவற்றுக்கும் முன்பணம் போடுவது, விற்காவிட்டால் நஷ்டத்தைச் சுமப்பது எல்லாம் அவர் வேலை. ஆடம் ஸ்மித் குண்டூசித் தொழிற்சாலையை வைத்து வேலைப் பகிர்வைப் பற்றி எழுதியது 1776இல். அதற்கு முன்பே எடோவின் படக் கடைகளில் அது நடைமுறையில் இருந்தது.

ஓவியர் மெல்லிய தாளில் கறுப்பு மையால் கோட்டோவியம் மட்டும் வரைந்து கொடுப்பார். அதோடு அந்தத் தாளின் ஆயுள் முடிகிறது! செதுக்குபவர் அந்தத் தாளை இழைப்புளியால் இழைத்து வழவழப்பாக்கிய பலகை மீது குப்புற ஒட்டுவார். பிறகு தாளின் பின்பக்கத்தை விரலால் மெதுவாகத் தேய்த்து உரித்து எடுப்பார். கோடுகள் மட்டும் மரத்தில் ஒட்டிக் கொண்டு கண்ணாடி பிம்பம் போலத் தெரியும். இப்போது கத்தியை எடுத்து ஒவ்வொரு கோட்டின் இரண்டு பக்கமும் கீறுவார். கோடு இல்லாத இடத்தை எல்லாம் உளியாலும் கொட்டாப்புளியாலும் வெட்டி எடுப்பார். கடைசியில் ரப்பர் ஸ்டாம்பில் எழுத்து நிற்பது போலக் கோடுகள் மட்டும் மேடாக நிற்கும். ஓவியரின் மூலத் தாள் மரத்தூளோடு போய்விடும். மூல ஓவியம் என்று ஒன்று மிஞ்சாது. மிஞ்சுவது மரம் தான்.

மரமும் சாதாரண மரம் அல்ல. யமசகுரா என்னும் மலைச் செர்ரி. அது கடினமானது, இழை சீரானது. மெல்லிய கோட்டைச் செதுக்கினாலும் சிதறாது. ஆயிரம் முறை ஈரத் தாளை வைத்துத் தேய்த்தாலும் தாங்கும். விலை அதிகம் என்பதால் பலகையின் இரண்டு பக்கமும் செதுக்குவார்கள். படம் விற்று ஓய்ந்ததும் மேற்பரப்பை இழைத்துவிட்டு அதிலேயே அடுத்த படத்தைச் செதுக்குவார்கள். பழைய பலகைகள் அதிகம் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

செதுக்கும் பட்டறையிலும் படிநிலைகள் உண்டு. தொழில் பழக வரும் சிறுவன் முதலில் உளி தீட்டக் கற்றுக் கொள்வான். பிறகு வெற்றிடங்களை வெட்டி எடுப்பான். பல ஆண்டுகள் கழித்து உடைகளின் கோடுகள். முகமும் தலைமுடியும் மட்டும் மூத்தவருக்கே. அழகிய பெண்களின் படங்களில் நெற்றியோரம் முடி தொடங்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட மயிரிழைகள் ஓடும். ஓவியர் அங்கே ஒவ்வொரு முடியையும் வரைந்து கொடுப்பதில்லை. மேலோட்டமாகக் காட்டிவிடுவார். மீதி செதுக்குபவரின் கையில். இந்தத் தேர்ச்சிக்குப் பத்தாண்டு ஆகும் என்பார்கள்.

கோட்டுப் பலகை முடிந்ததும் அதிலிருந்து சில தாள்களை அச்சடித்து ஓவியரிடம் கொடுப்பார்கள். எங்கே எந்த நிறம் என்று அவர் குறித்துத் தருவார். நிறத்துக்கு ஒரு பலகை வீதம் மறுபடி செதுக்க வேண்டும். பத்து நிறம் என்றால் ஒரே தாள் பத்து முறை பலகைகள் மீது ஏறி இறங்க வேண்டும். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் படம் கெட்டுவிடும். இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி மிக எளிமையானது. பலகையின் ஒரு மூலையில் 'ட' வடிவில் ஒரு வெட்டு, அதே விளிம்பில் சற்றுத் தள்ளி ஒரு கோட்டு வெட்டு. 'கென்தோ' என்று பெயர். எல்லாப் பலகையிலும் அதே இடத்தில் இருக்கும். தாளின் மூலையை அதில் பொருத்தினால் போதும்.

அச்சுக்கு எந்திரம் கிடையாது. அச்சிடுபவர் தண்ணீரில் கரைத்த வண்ணத்தோடு அரிசிப் பசையைச் சேர்த்துப் பலகையில் பிரஷ்ஷால் தடவுவார். காகித மல்பெரி நாரில் செய்த ஈரத் தாளை மேலே வைத்து, மூங்கில் உறை சுற்றிய வட்டமான 'பாரென்' என்ற கருவியால் பின்பக்கம் தேய்ப்பார். வண்ணத்தைப் பலகையிலேயே பாதி துடைத்துவிட்டு அச்சிட்டால் வானம் மேலே கருநீலமாகவும் கீழே வெளிறியும் வரும். அந்தி வானம் அத்தனையும் அவர் கைப்பழக்கம்.

அரசு பயந்த பலகைகள்

மலிவாக, வேகமாக, ஆயிரக்கணக்கில் பரவும் எதையும் அரசுகள் சந்தேகத்தோடு தான் பார்க்கும். ஷோகன் அரசும் அப்படித்தான்.

யோஷிவாராவில் பிறந்த சுதாயா ஜூசாபுரோ (1750–1797) எடோவின் மிகத் துணிச்சலான பதிப்பாளர். உதாமரோவின் அழகிகளையும் ஷராகுவின் நடிகர்களையும் உலகுக்குக் கொடுத்தவர் அவர் தான். ஷராகு 1794, 1795இல் சுமார் பத்தே மாதங்களில் 140க்கும் மேற்பட்ட படங்களை வரைந்துவிட்டு மறைந்து போன மர்ம மனிதர். 2025இல் ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சி சுதாயாவின் வாழ்க்கையை ஆண்டு முழுவதும் ஓடும் தொடராகவே எடுத்தது. 1791இல் சாந்தோ கியோதென் என்ற எழுத்தாளரின் புத்தகங்களை விதிகளை மீறி வெளியிட்டதற்காகச் சுதாயாவின் சொத்தில் பாதியை அரசு பறித்தது. எழுத்தாளருக்கு ஐம்பது நாள் கைவிலங்கு. அந்தக் காலகட்டத்தில் தான் படங்களுக்குத் தணிக்கை முத்திரையும் வந்தது. முத்திரையையும் படத்தோடு சேர்த்துப் பலகையில் செதுக்க வேண்டும். 1804இல் உதாமரோவுக்கும் கைவிலங்கு விழுந்தது. ஹிதெயோஷி என்ற பழைய ஆட்சியாளரைப் படமாக்கியது குற்றம். இரண்டு ஆண்டுகளில் அவர் இறந்து போனார்.

சில சமயம் தண்டனை மனிதரோடு நிற்காமல் மரத்துக்கும் போனது. ஹயாஷி ஷிஹெய் என்ற அறிஞர் ஜப்பானின் கடற்கரைக்குப் பாதுகாப்பு இல்லை என்று எச்சரித்து 1791இல் ஒரு நூல் வெளியிட்டார். மறு ஆண்டே அரசு அவரை வீட்டுக்காவலில் வைத்தது. நூலின் பலகைகளைப் பறிமுதல் செய்தது. அவர் தனக்கு 'ஆறும் இல்லாதவன்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டிக் கொண்டார். பெற்றோர், மனைவி, மக்கள் என்று நீளும் அந்த இல்லாமைகளின் வரிசையில் அச்சுப் பலகைகளும் ஒன்று! 1793இல் அவர் காவலிலேயே இறந்தார். அறுபதே ஆண்டுகளில், 1853இல், அமெரிக்கப் போர்க்கப்பல்கள் எடோ வளைகுடாவுக்குள் வந்து நின்றன.

1842இல் இன்னொரு கெடுபிடி. நடிகர்கள், கேளிக்கைப் பெண்கள் படங்களுக்குத் தடை. ஒரு படத்துக்கு ஏழெட்டுப் பலகைக்கு மேல் கூடாது. விலை 16 மோனுக்கு மேல் கூடாது. மோன் என்பது அன்றைய செப்புக் காசு. தெருக்கடையில் ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸின் விலையும் 16 மோன் தான். 1843இல் குனியோஷி ஒரு சிலந்திப் பூதத்தின் படத்தை வரைந்தார். நோயுற்ற தலைவன் தூங்குகிறான், பின்னால் பூதங்கள் படையெடுக்கின்றன. தூங்குவது ஷோகன், பூதங்கள் அவதிப்படும் மக்கள் என்று ஊரே பேசத் தொடங்கிவிட்டது. பயந்து போன பதிப்பாளர் விற்காத படங்களைத் திரும்பப் பெற்றுக் கொண்டு பலகைகளையும் அழித்துவிட்டார்.

செதுக்கத் தெரிந்த ஓவியர்

இப்போது மறுபடி அந்த அலைக்கு வருவோம். ஹொகுசாய் 1760இல் பிறந்தவர். பதினான்கு, பதினைந்து வயதில் அவர் கற்றுக் கொண்ட முதல் தொழில் ஓவியம் அல்ல, மரம் செதுக்குவது தான்! பதினெட்டு வயதில் தான் ஓவியர் கத்சுகாவா ஷுன்ஷோவிடம் சேர்ந்தார். எனவே மரத்தில் எந்தக் கோடு நிற்கும், எது உடையும் என்று அவருக்குக் கைப்பட்ட அறிவு இருந்தது.

ஜெர்மனியில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட 'பிரஷ்யன் நீலம்' 1830 வாக்கில் ஜப்பானில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. வெயிலில் வெளுக்காத ஆழமான நீலம். நிஷிமுராயா யோஹாச்சி என்ற பதிப்பாளர் இதைப் பயன்படுத்தி ஒரு தொடர் போட்டார். அது தான் 'ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்'. நன்றாக விற்றதால் பத்து படங்கள் கூட்டி நாற்பத்தாறு ஆக்கினார். 1831 வாக்கில் வந்த பேரலை இந்தத் தொடரில் ஒரு படம். அப்போது ஹொகுசாய்க்கு எழுபது வயது தாண்டிவிட்டது.

அலையின் நுரை விரல்களைப் பாருங்கள். தூரிகையில் அது ஒரு நொடிச் சுழற்சி. மரத்தில் அதே வளைவை இரண்டு பக்கமும் கத்தியால் கீறி, நடுவில் ஒரு நூல் அளவு மரத்தை மட்டும் நிற்க வைக்க வேண்டும். சுமார் எட்டாயிரம் பிரதிகள் அச்சாகியிருக்கலாம் என்பது மதிப்பீடு. அதில் உலகம் முழுவதும் இன்று அடையாளம் கண்டிருப்பது சுமார் 110 பிரதிகள். அவற்றில் எது முந்தியது, எது பிந்தியது என்று ஆய்வாளர்கள் சொல்வது எப்படித் தெரியுமா? மரத்தை வைத்துத்தான். அச்சடிக்க அச்சடிக்கப் பலகை தேய்ந்தது. தலைப்பைச் சுற்றியுள்ள கட்டத்தின் மெல்லிய கோட்டில் உடைவுகள் விழுந்தன. உடைவு இல்லாத பிரதி முந்தியது. பலகைகள் அழிந்துவிட்டன. அவற்றின் முதுமை மட்டும் காகிதத்தில் பதிவாகியிருக்கிறது.

செதுக்குபவரின் அருமை ஹொகுசாய்க்குத் தெரிந்திருந்தது. 1830களில் பதிப்பாளர்களுக்கு எழுதிய கடிதங்களில், தன் படங்களை எகாவா தொமேகிச்சி என்பவரிடம் தான் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறார். மற்றவர்கள் தான் வரையாத கீழ் இமையைச் சேர்த்து விடுகிறார்கள், மூக்கை வேறு பாணியில் மாற்றி விடுகிறார்கள் என்று புலம்புகிறார். 1834இல் வெளிவரத் தொடங்கிய 'ஃபூஜி மலையின் நூறு காட்சிகள்' நூலில் செதுக்கியவராகத் தொமேகிச்சியின் பெயரும் அச்சாகியிருக்கிறது. 1850களில் வேறு சில படங்களிலும் 'ஹோரி தக்கே' போன்ற சின்ன முத்திரைகள் தென்படும். 'செதுக்கியவர் தக்கே' என்பது அதன் பொருள். படத்தின் ஓரத்தில், பெருவிரல் நக அளவில். அவ்வளவு தான் கிடைத்தது. பேரலையில் அதுவும் இல்லை.

பாரிஸில் பாராட்டு, டோக்கியோவில் பட்டினி

1858இல் ஹிரோஷிகே இறந்தார். எடோவின் புகழ் பெற்ற இடங்களை அவர் வரைந்த கடைசித் தொடரில், பாலத்தின் மீது திடீரென மழை கொட்டும் படம் ஒன்று உண்டு. அந்த மழைக் கம்பிகள் ஒவ்வொன்றும் மரத்தில் செதுக்கி நிறுத்திய கோடு. 1887இல் பாரிஸில் இருந்த வான் கோ அந்தப் படத்தை எண்ணெய் வண்ணத்தில் பிரதி எடுத்தார். அவரும் தம்பி தியோவும் நூற்றுக்கணக்கில் ஜப்பானியப் படங்களை வாங்கிச் சேர்த்தார்கள். மோனேயின் வீட்டுச் சுவரிலும் அவை தொங்கின. 1905இல் தெபுஸி தன் 'கடல்' என்ற இசைப் படைப்பின் அட்டைக்குப் பேரலையைத் தான் தேர்ந்தெடுத்தார்.

ஐரோப்பா கொண்டாடிக் கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஜப்பானில் இந்தத் தொழில் சாய்ந்து கொண்டிருந்தது. 1868இல் மெய்ஜி ஆட்சி வந்தது. புகைப்படம் வந்தது, கல்லச்சு வந்தது, எந்திர அச்சகம் வந்தது. நடிகரின் படம் வேண்டும் என்றால் ஸ்டுடியோ போட்டோ கிடைக்கும். பத்தாண்டு உளி பழகியவனுக்கு வேலை இல்லை. தரம் குறைந்ததால் இந்தத் தொழில் விழவில்லை. அதே தேவையை இன்னொரு பொருள் மலிவாகத் தீர்த்துவிட்டது, அவ்வளவு தான்.

இதிலிருந்து மீள இரண்டு வழிகள் முயன்று பார்க்கப்பட்டன. வதனபே ஷோசாபுரோ என்ற பதிப்பாளர் பழைய நால்வர் முறையையே காப்பாற்ற நினைத்தார். புதிய ஓவியர்கள், பழைய செதுக்குபவர்கள், வெளிநாட்டுச் சந்தை என்பது அவர் திட்டம். 'ஷின்-ஹங்கா', அதாவது புதிய அச்சு என்று பெயர். நன்றாகப் போய்க் கொண்டிருந்த போது 1923 செப்டம்பர் 1 அன்று பெரும் நிலநடுக்கம் வந்தது. அதைத் தொடர்ந்த தீயில் அவருடைய கடையும் பலகைகளும் படங்களும் எரிந்து போயின. ஓவியர் கவாசே ஹாசுயின் 188 வரைவுப் புத்தகங்களும் சாம்பலாயின. வதனபே மறுபடி முதலில் இருந்து தொடங்கினார். பலகை எரிந்தாலும் செதுக்கத் தெரிந்த கைகள் இருந்ததால் தான் அது முடிந்தது.

இரண்டாவது வழி இதற்கு நேர் எதிர். 1904இல் யமமோட்டோ கானே என்ற இளைஞர் ஒரு மீனவரின் படத்தைத் தானே வரைந்து, தானே செதுக்கி, தானே அச்சடித்தார். இன்னொருவர் செதுக்கினால் அது என் கலை எப்படி ஆகும் என்பது இந்த அணியின் கேள்வி. இந்த வழியில் வந்தவர்களில் உலகப் புகழ் பெற்றவர் முனகதா ஷிகோ (1903–1975). இளம் வயதில் வான் கோவின் படங்களைப் பார்த்து, நானும் ஒரு வான் கோ ஆவேன் என்று கிளம்பியவர். அந்த வான் கோவே ஜப்பானிய மர அச்சைப் பார்த்து மயங்கியவர் என்பதை அறிந்து மரத்துக்குத் திரும்பினார். கண்பார்வை மிக மோசம். பலகையில் மூக்கு உரசும்படி குனிந்து தான் செதுக்குவார். 'ஹங்கா' என்ற சொல்லில் அச்சைக் குறிக்கும் எழுத்தை எடுத்துவிட்டு, அதே ஒலியுள்ள, பலகையைக் குறிக்கும் எழுத்தைப் போட்டு எழுதினார். மரத்துக்கு அவர் கொடுத்த மரியாதை அது. 1956 வெனிஸ் கண்காட்சியில் அச்சுக் கலைக்கான பெரும் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அரசும் ஒரு வழியாக விழித்துக் கொண்டது. 1953இல் கண்ணுக்குப் புலப்படாத பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் குழு, ஹாசுயிடம் சோஜோஜி கோயிலின் பனிக்காட்சி ஒன்றைச் செய்யச் சொல்லி, முழு வேலைமுறையையும் பதிவு செய்தது. ஒரே தாளில் 40க்கும் மேற்பட்ட முறை அச்சு! காக்க வேண்டியது படத்தை மட்டும் அல்ல, அதைச் செய்யும் கைகளையும் தான் என்பதை அரசு ஏற்றுக் கொண்டது.

ஆயிரம் யென்னில் ஓர் அலை

1928இல் தொடங்கிய அதாச்சி நிறுவனம் டோக்கியோவில் இன்றும் இளைஞர்களுக்குச் செதுக்கவும் அச்சிடவும் சொல்லிக் கொடுக்கிறது. பேரலையை அவர்கள் செர்ரிப் பலகையில் மறுபடி செதுக்கி, கையாலேயே அச்சடிக்கிறார்கள்.

2023 மார்ச்சில் நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் நடத்திய ஏலத்தில் பேரலையின் ஒரு பழைய பிரதி 27 லட்சம் டாலருக்கு மேல் போனது. வெளிவந்த காலத்தில் அது ஒன்றிரண்டு கிண்ணம் நூடுல்ஸ் விலைக்குக் கிடைத்த படம். 2024 ஜூலையில் ஜப்பான் வெளியிட்ட புதிய ஆயிரம் யென் நோட்டின் பின்பக்கத்தில் இதே அலை அச்சாகியிருக்கிறது. டோக்கியோவில் ஆயிரம் யென்னுக்கு என்ன கிடைக்கும்? கிட்டத்தட்ட ஒரு கிண்ணம் நூடுல்ஸ்!

வரைபவருக்கு ஒரு பெயர், செதுக்குபவருக்கு ஒரு கூலி என்று சந்தை பிரித்து வைத்ததை வரலாறும் அப்படியே எழுதிக் கொண்டது. அந்தப் பெயரை இனிக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். ஆனால் அந்த வேலையைப் பார்க்க முடியும். அடுத்த முறை பேரலையின் படம் கண்ணில் பட்டால் நுரையையும் ஃபூஜியையும் பார்த்த பிறகு, அலையின் ஓரக் கோடு ஒன்றைப் பிடித்துக் கொண்டு கண்ணால் அதன் வழியே போய்ப் பாருங்கள். சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் எடோவின் ஏதோ ஒரு பட்டறையில், சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக் கொண்டு ஒருவர் கத்தியை நகர்த்திய பாதை அது.